பெரிய எழுத்து ஒன்று, சிறப்புக் குறி ஒன்று

இணையத் திருட்டை ஒழிக்க இந்த நாட்டில் ஓர் அருமையான வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். திருடனைப் பிடிப்பது கஷ்டம். அவன் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறானோ. வங்கியைத் தட்டிக் கேட்பது அதைவிடக் கஷ்டம்; அது எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்திருக்கும் நெசவாளியைப் பார்த்து, "ஐயா, உங்க பாஸ்வேர்டை ஸ்ட்ராங்கா வையுங்க" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. கூடுதலாக ஒரு ஃபிளெக்ஸ் பேனர். கல்லூரிப் பிள்ளைகள் கையில் அட்டை கொடுத்து ஒரு விழிப்புணர்வுப் பேரணி. கொடி அசைக்க ஓர் அதிகாரி. மறுநாள் பேப்பரில் படம். குற்றம் பயந்து ஓடிவிடும்.

ஓடவில்லை. 2023இல் இந்தியர்கள் இணைய மோசடியில் இழந்த பணம் 7,465 கோடி ரூபாய். 2024இல் 22,845 கோடி. நாடாளுமன்றத்தில் அரசே வைத்த கணக்கு இது. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. வேறு எந்தத் தொழிலாவது இப்படி வளர்ந்திருந்தால் அமைச்சர்கள் வரிசையில் நின்று பாராட்டியிருப்பார்கள்.

இதற்கு அரசு சும்மா இருந்தது என்று யாரும் சொல்லக் கூடாது. 2024 கடைசியில் காலர் டியூன் போட்டார்கள். யாருக்குப் போன் போட்டாலும் முதலில் எச்சரிக்கை உரை, பிறகுதான் மணி. நெஞ்சு வலியில் மகனைக் கூப்பிட்டவரும் அதைக் கேட்டார், மாடு கிணற்றில் விழுந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டவரும் கேட்டார். நாட்டில் அதை ஒருமுறைகூடக் கேட்காதவன் மோசடிக்காரன் மட்டும்தான் இருப்பான். அவன் இணைய வழியில் பேசுகிறவன். வடக்கே அமிதாப் பச்சன் குரலில் ஓடிய உரையை, சனங்கள் போட்ட கூச்சலில் 2025 ஜூனில் நிறுத்தினார்கள். மோசடியை நிறுத்தச் சொல்லிக் கத்தியவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

சரி, நெசவாளி நல்ல பிள்ளையாகப் பாஸ்வேர்டு வைக்கவே உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரை என்ன கேட்கிறது? பெரிய எழுத்து ஒன்று வேண்டும், சின்ன எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று. தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. 247 எழுத்து படித்தவருக்கு 26 எழுத்தில் அதிகாரம் இல்லை. தமிழில் அடித்தால் பெட்டி ஏற்றுக்கொள்ளாது. அவர் எழுந்து பிரௌசிங் சென்டருக்குப் போகிறார். அங்கே இருக்கும் தம்பி உதவும் மனம் படைத்தவர். மெயில் ஐடி அவரே திறக்கிறார், வங்கிச் செயலியை அவரே இறக்குகிறார், பாஸ்வேர்டை அவரே வைக்கிறார். 'காஞ்சி' என்று ஆங்கிலத்தில், முதல் எழுத்து பெரிதாக, பின்னால் @123. எல்லா விதியும் நிறைவேறிவிட்டது. பெட்டி பச்சையாகச் சிரிக்கிறது. பிறகு அதைத் தன் நீளக் கணக்கு நோட்டில் பேர், போன் நம்பரோடு எழுதிக்கொள்கிறார், "நாளைக்கு மறந்துட்டேன்னு நீங்கதானே வந்து நிப்பீங்க" என்று. உண்மைதான், வந்து நிற்பார்கள். காஞ்சிபுரத்தில் பாதிப் பேரின் ரகசியம் இப்படி நாற்பது பக்க நோட்டுகளில் மேஜை டிராயருக்குள் தூங்குகிறது.

அந்தத் தம்பியை நான் திட்டவில்லை. நோர்ட்பாஸ் என்ற நிறுவனம் வருஷா வருஷம் வெளியிடும் பட்டியலில் 2023இல் இந்தியர்கள் அதிகம் வைத்த பாஸ்வேர்டுகளில் 'இந்தியா@123' இருந்தது. 'பாஸ்@123' இருந்தது. விதியைப் பாருங்கள், பாஸ்வேர்டைப் பாருங்கள். அச்சு அசலாக விதியிலிருந்து பிறந்த பிள்ளைகள்.

இதில் வயிறெரியும் சங்கதி ஒன்று உண்டு. பெரிய எழுத்து, சிறப்புக் குறி, தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை மாற்று என்ற இந்த வேதம் அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிர்ணய நிறுவனம் 2003இல் போட்ட ஆவணத்திலிருந்து உலகமெல்லாம் பரவியது. எழுதியவர் பில் பர். 2017இல் அவரே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையிடம், தான் எழுதியதில் பெரும்பகுதியை நினைத்து வருந்துவதாகச் சொல்லிவிட்டார். அதே ஆண்டு நிஸ்ட்டும் அந்த விதிகளைத் தூக்கிப் போட்டது. குறியும் கிறுக்கலும் வேண்டாம், நீளம்தான் முக்கியம்; காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதே, சொன்னால் சனங்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டி வைப்பார்கள்; ஏற்கெனவே களவுபோன பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதில் இருந்தால் ஏற்காதே என்று எழுதியது. வேதம் எழுதியவர் வருந்திவிட்டார், மடம் அதைக் கைவிட்டுவிட்டது. நம் ஊர் பூசாரிகள் மட்டும் இன்னும் மணி ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே செய்ய வேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன், இரண்டு நிமிஷ விஷயம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். ஒரு கணக்கில் வைத்ததை இன்னொன்றில் வைக்காதீர்கள். எங்கோ ஒரு செருப்புக் கடைத் தளத்தில் திருடிய பட்டியலை எடுத்துக்கொண்டுபோய் எல்லா வாசலிலும் போட்டுப் பார்ப்பதுதான் திருடனின் தினசரிப் பிழைப்பு. மெயில் கணக்குக்குத் தனிக் கவனம் கொடுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கையும் 'மறந்துவிட்டேன்' என்று சொல்லித் திறக்கிற கதவு அதுதான். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். நோட்டில் எழுதினால் உங்கள் நோட்டில் எழுதுங்கள், உங்கள் பீரோவில் வையுங்கள். பாவு கணக்கு, கரைக் கணக்கு, புட்டா கணக்கு எல்லாம் மனதில் வைத்திருப்பவருக்கு, மூன்று நாடா ஓட்டி உடலையும் கரையையும் கோர்வையில் இணைக்கிறவருக்கு, நாலு சொல்லை நினைவில் வைப்பது பெரிய வித்தை இல்லை.

இவ்வளவும் செய்தாயிற்று. இனி நாம் பத்திரமா?

2018 ஜனவரியில் 'ட்ரிப்யூன்' பத்திரிகை நிருபர் ஒருவர் 500 ரூபாய் கொடுத்து, பத்து நிமிஷத்தில், நாட்டில் யாருடைய ஆதார் விவரத்தையும் பார்க்கிற வழியை வாட்ஸ்அப் வியாபாரி ஒருவரிடம் வாங்கிக் காட்டினார். விவரத்தைக் காக்க வேண்டிய ஆணையம் என்ன செய்தது? நிருபர் பெயரையும் சேர்த்துப் போலீசில் புகார் கொடுத்தது. 2021இல் தமிழ்நாட்டு ரேஷன் அட்டைதாரர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் ஹேக்கர்களின் சந்தைத் தளத்தில் கிடந்ததை ஓர் இணையப் பாதுகாப்பு நிறுவனம் கண்டு சொன்னது. 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு போன் நம்பரைத் தட்டினால், கோவின் தளத்தில் தடுப்பூசிக்குக் கொடுத்த அடையாள அட்டை எண்ணோடு ஆளைக் காட்டியது ஒரு பாட். அடிப்படையற்ற விஷமச் செய்தி என்றது அரசு; பிறகு பீகாரில் ஒருவரைக் கைது செய்தது. அடிப்படையில்லாத செய்திக்கு ஆள் கைதானது நம் நாட்டின் தனிச் சிறப்பு. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் 3 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் விவரம் தன்னிடம் இருப்பதாக ஒருவன் கடை விரித்தான்; யாருக்கு என்ன நோய், ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்பது வரை டெலிகிராம் பாட்டில் விழுந்தது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் டெலிகிராம் மேல் வழக்குப் போட்டது.

இந்த வரிசையில் என் மனதுக்குப் பிடித்தது 2024 மே மாதத்துச் சம்பவம். தமிழ்நாடு காவல் துறையின் முக அடையாளத் தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். எப்படி என்பதற்குக் காவல் துறை கொடுத்த விளக்கம்: நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு களவு போயிருந்தது. அந்தக் கணக்குக்கு அதிகாரம் குறைவுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நெசவாளிக்கு ஸ்ட்ராங் பாஸ்வேர்டு பாடம் எடுக்கும் அதே துறை. வங்கி வாசலில் அந்த ஏழை இதே வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கட்டும்: "பாஸ்வேர்டு போச்சுங்க, ஆனா என் கணக்குல அதிகாரம் குறைவுதான்."

கோயில் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கூத்து உண்டு. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள், அத்தி வரதரைப் பார்க்க ஒரு கோடிப் பேர் இந்த ஊருக்கு வந்தார்கள். லாட்ஜில் அறை கேட்டவர் எல்லாம் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தார். நாற்பது வருஷம் அனந்தசரஸ் குளத்து நீருக்கடியில் அந்தப் பெருமாள் இருந்த பத்திரத்தில் ஒரு நாளாவது அந்த ஜெராக்ஸ்கள் இருந்திருக்குமா? 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் விழித்துக்கொண்டு, கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள், ஓட்டல்களும் சினிமா தியேட்டர்களும் நகல் வாங்கி வைப்பது குற்றம் என்று ஒரு அறிவிப்புக் கொடுத்தது. உருப்படியான ஒரே அறிவுரை. இரண்டு நாளில் மேலிடம் அதை வாபஸ் வாங்கிவிட்டது. தப்பாகப் புரிந்துகொண்டு விடுவீர்களாம். நாம் சரியாகப் புரிந்துகொண்டோம் என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை.

பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். கட்டைவிரல் போனால்? ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் ஓடிபி இல்லாமல், பின் நம்பர் இல்லாமல் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம் என்று ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள், ஏழைகளின் வசதிக்காக. ஏழைகளின் வசதிக்கு என்று எதைச் செய்தாலும் முதலில் வசதியடைகிறவன் வேறு ஒருவன். 2018இல் தெலங்கானாவில் பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் கிடந்த கிரயப் பத்திரங்களிலிருந்து ரேகையை எடுத்து, ரப்பரில் விரல் செய்து, சிம் கார்டுகளை உயிர்ப்பித்த ஆளைப் பிடித்தார்கள். 2023இல் பெங்களூரில் பதிவுத் துறை ஆவணத்து ரேகையைக் கொண்டே வங்கிக் கணக்குகளைத் துடைத்த கும்பல் மாட்டியது. அரசுதான் ரேகையை வாங்கியது, அரசுதான் இணையத்தில் போட்டது, அரசுதான் அதைப் பணம் எடுக்கும் சாவியாக்கியது. காஞ்சிபுரத்தில் பட்டு இழையும் ஜரிகையும் உரசித் தேய்ந்த பெருவிரலை ரேஷன் கடை மெஷினில் துடைத்துத் துடைத்து வைக்கிறார் முதியவர், 'பொருந்தவில்லை' என்கிறது. சொந்தக்காரனின் சதை விரலை மறுக்கிற மெஷின் குலத்தில்தான் திருடனின் ரப்பர் விரலுக்குக் கதவு திறக்கிறது.

சொல்லப்போனால் இப்போது கொள்ளை போகும் பணத்தில் பெரும்பகுதிக்குத் திருடன் யாருடைய பாஸ்வேர்டையும் உடைப்பதே இல்லை. மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்புத் துண்டிக்கப்படும் என்று குறுஞ்செய்தி அனுப்புகிறான். மின்வாரியம் முன்னறிவிப்போடும் அறிவிப்பில்லாமலும் துண்டித்துப் பழக்கிய சனம் நம்புகிறது. 'காஞ்சிப் பட்டு 999 ரூபாய்' என்று கோபுரப் படத்தோடு விளம்பரம் போடுகிறான். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று வெளிச்சமான கடையிலேயே வாங்கிப் பழகியவர்கள் போனிலும் வாங்குகிறார்கள். 1985இலேயே கைத்தறிக்குத் தனி ரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது, 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தது. கண்ணெதிரே நடக்கும் அந்தப் போலியைப் பிடிக்கவே ஆள் இல்லை. கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்கப் போகிறார்களாம்.

படிக்காத சனம் ஏமாறுகிறது என்று சொல்கிறவர்கள் வர்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ். பி. ஓஸ்வாலைக் கேட்கலாம். 2024 ஆகஸ்டில் வீடியோ அழைப்பில் போலி சிபிஐ அதிகாரி, போலி உச்ச நீதிமன்றம், போலி தலைமை நீதிபதி எல்லாவற்றையும் காட்டி அவரிடம் 7 கோடி ரூபாய் வாங்கினார்கள். அவரே வெளியில் வந்து சொன்னார். இந்த மோசடிக்குப் பெயர் 'டிஜிட்டல் அரெஸ்ட்'; அப்படி ஒன்று சட்டத்திலேயே இல்லை. ஆனால் காரணம் சொல்லாமல் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைப்பது இங்கே வழக்கத்தில் உண்டு. அந்தப் பயத்தை விதைத்தவன் மோசடிக்காரன் இல்லை, அறுவடை மட்டும்தான் அவனுடையது.

பணம் போனவர் வங்கிக்குப் போகிறார். முதல் கேள்வி: "ஏன் பெரியவரே ஓடிபி சொன்னீங்க?" சொல்லவில்லை என்றால், "லிங்கைத் தொட்டீங்களா?" தொடவில்லை என்றால், "பாஸ்வேர்டு என்ன வச்சிருந்தீங்க?" பணம் எந்தக் கணக்குக்குப் போனது, பொய்ப் பேரில் அந்தக் கணக்கைத் திறந்துகொடுத்த வங்கி எது, மாதம் மூவாயிரம் நடமாட்டமிருந்த கணக்கில் நள்ளிரவில் ரெண்டு லட்சம் வந்து விடிவதற்குள் பத்துத் துண்டாகப் போனபோது எந்த மணியும் ஏன் அடிக்கவில்லை என்று எதிர்க் கேள்வி கேட்க அவருக்குத் தெரியாது. தெரிந்தால் மட்டும்?

இதே ஊரில் கோயில் உண்டியல் இருக்கிறது. பூட்டு, முத்திரை, ஒரே ஆளிடம் முழுச் சாவி போகாத ஏற்பாடு, திறக்கும்போது அறநிலையத் துறை அதிகாரி, எண்ணுவதற்கு ஊரார், மேலே கேமரா. அதையும் மீறிக் களவு போனால் அதிகாரிக்கு மெமோ வருமே தவிர, கருவறைக்குள் போய் "சுவாமி, பாஸ்வேர்டு என்ன வச்சிருந்தீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. பணத்தை வைத்திருப்பவன் காவலுக்குப் பொறுப்பு என்கிற சாதாரண அறிவு, கோயிலைத் தாண்டி நாலு கடை தள்ளியிருக்கும் வங்கிக் கிளைக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி விடப்படுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை தெளிவாகச் சொன்னது: வங்கியின் தவறு என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா பொறுப்பில்லை. வங்கியும் தவறவில்லை, வாடிக்கையாளரும் தவறவில்லை, வெளியே எங்கோ நடந்தது என்றால் மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் பொறுப்பில்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றாலும் புகார் சொல்லும் நேரம் வரை போனதுதான் அவர் தலையில். அதற்குப் பிறகு போனது வங்கியின் தலையில். புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. இந்தச் சுற்றறிக்கையை எந்தக் கிளையிலாவது ஃபிளெக்ஸ் அடித்து மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பாஸ்வேர்டு பேனர் மட்டும் எட்டடிக்கு நாலடி.

அசாமில் ஒருவர் ஆன்லைனில் வாங்கிய உடுப்பைத் திருப்பி அனுப்பப் போய், போலி வாடிக்கையாளர் சேவை ஆளிடம் 94,204 ரூபாயை இழந்தார். ஒரு நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டார். பாரத ஸ்டேட் வங்கி கொடுக்க மறுத்தது. உயர் நீதிமன்றம் கொடு என்றது. நாட்டின் மிகப் பெரிய வங்கி 94,204 ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 2025 ஜனவரி 3ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் கொடு என்றது. பெரிய கடனாளிகளைத் துரத்த நம் வங்கிகளுக்கு இந்தக் கால் வலு எப்போதாவது வந்ததுண்டா? பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தானே பணம் அனுப்பியவருக்குக்கூட 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, வாங்கிய வங்கி பாதி. திருடன் கணக்குத் திறந்த வங்கியின் பையிலும் கை வைத்ததுதான் அந்த விதியின் அழகு. இங்கே போலித் தளத்துக்கும் நிஜத் தளத்துக்கும் வித்தியாசம் தெரிய வங்கிகளெல்லாம் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாறியாக வேண்டும் என்று வைத்த கெடுவே 2025 அக்டோபர் 31தான். அதுவரை எது நிஜம் என்று கண்டுபிடிக்கும் வேலையும் நெசவாளியுடையதாகவே இருந்தது.

ஆகவே பணம் போனால் முதலில் 1930க்குப் போன் போடுங்கள், உடனே, அழுவதற்கு முன்னால். பிறகு கிளைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுங்கள், தேதியும் நேரமும் போட்ட ஒப்புகை வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். 2017 சுற்றறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் அதை முதன்முறை பார்க்கும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள்.

புகாரோடு என்ன இணைக்கச் சொல்வார்கள் என்று கேட்கிறீர்களா? ஆதார் ஜெராக்ஸ் இரண்டு, பான் கார்டு ஜெராக்ஸ் ஒன்று, பாஸ்புக் முதல் பக்கம், கையெழுத்துப் போட்டு, போன் நம்பர் எழுதி. எதிரே உள்ள கடையில் எடுக்கலாம். சரியாக விழாத காப்பிகளை அவர் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பார், வடைக் கடைக்காரர் சாயங்காலம் வந்து எடுத்துப் போவார். வீடு வந்து சேர்வதற்குள் வங்கியிடமிருந்து குறுஞ்செய்தி வரும்: உங்கள் புகார் பதிவாயிற்று, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று சொல்ல இந்த லிங்கைத் தொடுங்கள்.